பயிற்சி முடிந்தபின் தொடங்கும் பயிற்சி: வகுப்பறைத் தொழில்நுட்பமும் ஆசிரியரின் தன்னம்பிக்கையும்

நம் அரசுப் பள்ளிகளுக்குக் கருவிகள் வந்துவிட்டன. உயர்தொழில்நுட்ப ஆய்வகம், திறன்மிகு வகுப்பறை, ஆசிரியர் கையில் கையடக்கக் கணினி, பாடநூலில் கியூஆர் கோடு, 2023இல் வெளிவந்த மணற்கேணி செயலி என்று பட்டியல் நீள்கிறது. ஆனாலும் ஒரே பயிற்சிக்குச் சென்றுவந்த இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் மறுநாளே திரையை இயக்கிப் பாடம் நடத்துகிறார். மற்றவர் வகுப்பிலோ திரை துணி போர்த்தியபடியே இருக்கிறது. இருவருமே அக்கறையுள்ள ஆசிரியர்கள்தாம். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

அறிவியல் பட்டதாரி ஆசிரியரான நான், இந்தக் கேள்வியை என் பள்ளியிலும் குறுவள மையக் கூட்டங்களிலும் தொடர்ந்து கவனித்து வருகிறேன். எனக்குத் தெளிவானது ஒன்று: கருவியைப் பற்றித் தெரிந்துகொள்வதால் மட்டும் நம்பிக்கை வந்துவிடுவதில்லை. தன் பாடத்தில், தன் மாணவர்முன், தன் கையால் ஒருமுறை செய்து பார்த்து, அது நன்றாக அமையும்போதுதான் வருகிறது. ஆகவே பணியிடைப் பயிற்சி என்பது அரங்கத்தோடு முடியாமல், வகுப்பறையில் நடத்தப்பட்ட ஒரு பாடத்தில் முடிய வேண்டும்.

தயக்கத்தின் வேர்

என் பள்ளியின் மூத்த இடைநிலை ஆசிரியை ஒருவர் ஒருநாள் மனம்திறந்து சொன்னார்: “பாடம் எனக்குத் தண்ணிபட்ட பாடு சார். ஆனா பட்டனை மாத்தி அழுத்திட்டா பசங்க சிரிச்சிடுவாங்களேன்னுதான் கைநடுங்குது. முப்பது வருஷம் கட்டிக் காத்த மரியாதை ஒரு நிமிஷத்துல போயிடுமே.”

இதைச் சோம்பல் என்றோ மாற்றத்துக்கு எதிர்ப்பு என்றோ சொல்லிவிட முடியாது. மாணவர்முன் தன் நிலை தாழ்ந்துவிடுமோ என்ற அச்சம் இது. “இது ரொம்ப ஈஸி டீச்சர்” என்று நாம் சொல்லும் ஆறுதல் அந்த அச்சத்தை இன்னும் கூட்டிவிடும். எளிதானதே தனக்கு வரவில்லையே என்று அவர் நினைத்துக்கொள்வார் அல்லவா?

2006ஆம் ஆண்டில் மிஸ்ரா, கோலர் என்ற இரு கல்வியாளர்கள் ஒரு சட்டகத்தை முன்வைத்தனர். தொழில்நுட்பத்துடன் நன்றாகக் கற்பிக்க பாடப்பொருள் அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்பது அதன் சாரம். மூத்த ஆசிரியர்களிடம் முதல் இரண்டும் நிறைந்திருக்கின்றன. பயிற்சியில் நாம் மூன்றாவதை மட்டும் தனியாகப் பேசும்போது, அவர்கள் ஒன்றுமே தெரியாதவர்களாக உணர்கிறார்கள். அவர்களின் பாடத்திலிருந்து தொடங்கினால் அதே ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

நம்பிக்கையின் நான்கு ஊற்றுகள்

‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கினார். அவர் கூறிய நான்கு ஊற்றுகளும் நமக்கு நேரடியாகப் பயன்படும்.

1. தானே செய்து வெற்றி பெறுதல். நான்கில் வலுவானது இதுவே. பத்துச் செயலிகளின் பெயரை அறிவதைவிட ஒரு செயலியால் ஒரு பாடத்தை நிறைவாக நடத்துவது மேல்.

2. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காணுதல். கணினியில் கைதேர்ந்த இளைஞர் செய்து காட்டினால் ‘அவருக்கு வரும்’ என்று தோன்றும். பக்கத்து வகுப்பின் 55 வயது ஆசிரியை செய்து காட்டினால் ‘எனக்கும் வரும்’ என்று தோன்றும்.

3. மதிப்புக்குரியவரின் உண்மையான சொல். ‘சூப்பர்’ என்பதைவிட, “நீங்க வீடியோவை நிறுத்திக் கேட்ட கேள்வியிலதான் பிள்ளைகளுக்குப் புரிஞ்சது” என்று குறிப்பாகச் சொல்வது நிலைத்து நிற்கும்.

4. உடல், மன நிலை. பதற்றத்தில் கை வியர்த்தால் ‘என்னால் முடியாது’ என்றே மனம் முடிவு செய்யும். மாணவர் இல்லாத நேரத்தில் அதே வகுப்பறையில், அதே கருவியில் ஒத்திகை பார்த்தால் இந்தப் பதற்றம் பெரிதும் குறையும்.

ஒரு பாடம், ஒரு கருவி

மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் என்ற திட்டத்தில், அறிவியல், கணிதத்துக்கான செயல்பாட்டு மாதிரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் இது. மாதிரியை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும்.

அதில் மின்கலம், கம்பி, பல்பு, சாவி ஆகியவற்றை இழுத்துவந்து இணைத்துச் சுற்று அமைக்கலாம். நான் வகுப்பில் பின்பற்றும் வரிசை இது.

முதலில் இரண்டு பல்புகளைத் தொடர் இணைப்பில் திரையில் அமைப்பேன். “ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது என்ன ஆகும்?” என்று கேட்டு, ஒவ்வொருவரும் விடையை நோட்டில் எழுதியபிறகே கழற்றுவேன். மற்றதும் அணைந்துவிடும். அடுத்துப் பக்க இணைப்பில் அதே கேள்வி. இப்போது மற்றது எரிந்துகொண்டே இருக்கும். “நம்ம வீட்டு லைட்டெல்லாம் எந்த இணைப்பு?” என்றால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பிறகு உண்மையான மின்கலம், கம்பி, டார்ச் பல்புகளைக் குழுக்களுக்குக் கொடுத்து அதையே செய்துபார்க்கச் சொல்வேன்.

குறுக்குச் சுற்றை மட்டும் திரையிலேயே காட்டி நிறுத்திக்கொள்வேன். மின்கலத்தில் தீப்பற்றுவதுபோல் மாதிரி காட்டும். கையில் செய்யக்கூடாததைக் கண்ணால் காட்டுவதற்குத்தான் திரை மிகவும் உதவுகிறது.

இந்தப் பாடத்தின் உயிர் ‘என்ன ஆகும்?’ என்ற கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் திறம் ஏற்கெனவே நம்மிடம் உள்ளது.

பள்ளியிலேயே ஒரு மாதத் திட்டம்

ஆசிரியர்களின் பணியிடைக் கற்றலை நீண்டகாலம் ஆராய்ந்தவர்கள் ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகியோர். விளக்கம், செய்து காட்டல், பயிற்சி, பின்னூட்டம் ஆகியவற்றோடு பயிற்சிக்குப் பிந்தைய துணையும் சேர்ந்தால்தான் கற்றது வகுப்பறையில் நிலைக்கும் என்று அவர்கள் வலியுறுத்தினர். அந்தத் துணையைப் பள்ளியிலேயே இருவர் இருவராக அமைத்துக்கொள்ளலாம். வாரம் 20 நிமிடம் போதும்.

முதல் வாரம்: அடுத்து நடத்தவிருக்கும் பாடத்தில் மாணவர் வழக்கமாகத் தடுமாறும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பொருத்தமான ஒரே ஒரு காணொலியை அல்லது மாதிரியைத் தேடுங்கள்.

இரண்டாம் வாரம்: வெற்று வகுப்பறையில் ஒத்திகை. கற்றுக்கொள்பவரே கருவியைத் தொட வேண்டும். உதவுபவர் கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் வழிகாட்ட வேண்டும். அவசரப்பட்டு வாங்கிச் செய்துவிட்டால் கற்றல் அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாம் வாரம்: பாடம் நடத்துதல். துணை ஆசிரியர் கடைசி வரிசையில் அமரலாம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற மாற்று ஏற்பாடு கரும்பலகையில் தயாராக இருக்கட்டும். அது இருந்தாலே பாதி அச்சம் போய்விடும்.

நான்காம் வாரம்: பத்து நிமிடம் பேசுங்கள். மாணவர் எங்கே யோசித்தார்கள், எங்கே வேடிக்கை மட்டும் பார்த்தார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும்.

முன்னர் சொன்ன மூத்த ஆசிரியை இந்த முறையில் பின்னங்கள் பாடத்துக்கான காணொலி ஒன்றை நான்காம் வகுப்பில் பயன்படுத்தினார். அரை, கால் என்று படம் ஓடும்போதே நிறுத்தி, “அரை தோசையும் கால் தோசையும் சாப்பிட்டா, மிச்சம் எவ்வளவுடா?” என்று கேட்டார். பிள்ளைகள் காகிதத்தை மடித்து விடை கண்டார்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவரது முப்பது ஆண்டு அனுபவம் சொன்னது. இடையில் ஒலி வராமல் போனபோது மாணவி ஒருத்தி எழுந்துவந்து சரிசெய்தாள். யாரும் சிரிக்கவில்லை. “தேங்க்ஸ்டா கண்ணு” என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தார்.

குறுவள மையக் கூட்டத்தில்

இணையவழிப் பதிவுகளுக்கே நேரம் போதவில்லை என்ற குரல் நியாயமானது. அதனால்தான் கிடைக்கும் கூட்ட நேரத்தை வீணாக்கக் கூடாது. கருத்தாளராகச் செல்வோர் விளக்கப் படக்காட்சியைச் சுருக்கி, பங்கேற்பாளரின் கைப்பயிற்சிக்குப் பாதி நேரமாவது ஒதுக்கலாம். கணினியில் பழகியவர், பழகாதவர் இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, பழகாதவர் கையில் கருவியைக் கொடுக்கலாம். கூட்டம் முடியும்முன் ஒவ்வொருவரும் ‘எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், எந்த நாளில் பயன்படுத்துவேன்’ என்று ஒரு வரி எழுதலாம். அடுத்த கூட்டத்தை அந்த வரியிலிருந்தே தொடங்கலாம்.

நம் மாணவர் பலருக்கு ஓர் அறிவியல் மாதிரியைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு பள்ளியில் மட்டுமே கிடைக்கிறது. நம் தயக்கத்தால் திரை மூடியே இருந்தால் இழப்பு அவர்களுக்குத்தான். இந்த வாரம் உங்கள் பள்ளியில் தயங்கி நிற்கும் ஓர் ஆசிரியரிடம் சென்று, “அடுத்து என்ன பாடம் டீச்சர்?” என்று கேளுங்கள். கருவியைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.