''இது ஆவிதானே, டாக்டர்?''

போன மாசம் நெய்வேலியிலிருந்து ஓர் அப்பாவும் மகனும் பண்ருட்டியில் என் வைத்தியசாலைக்கு வந்தார்கள். அப்பா அனல் மின் நிலைய ஊழியர். மகன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். ஆறு வாரமாகப் பையனுக்கு வறட்டு இருமல். நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்று கீழே விழுந்தது. அதை 'பென் டிரைவ்' என்றே அப்பா நினைத்துக்கொண்டிருந்தாராம்!

அது இ-சிகரெட். பையன் கொஞ்சமும் மிரளவில்லை. ''இது புகை இல்லே டாக்டர், வெறும் ஆவி. சளி பிடிச்சா நீங்களே நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்றீங்களே!'' என்றான்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் திட்டினால் பிள்ளைகள் காதில் ஏறாது. உங்கள் வீட்டிலும் ஒருநாள் இதே கேள்வி வரலாம். அதனால் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தக் கருவிக்குள் இருப்பவை ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு. பஞ்சில் ஊறியிருக்கும் திரவத்தில் புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைச் சரக்கு, பெரும்பாலும் நிகோடினும் இருக்கும். இழுக்கும்போது கம்பி சூடாகி, திரவம் ஆவியாகிறது. நம் வீட்டுக் கொசுவிரட்டி மெஷின் தத்துவம்தான்!

''ருசி எப்படிப்பா இருக்கும்?'' என்று கேட்டேன். உற்சாகமாகச் சொன்னான். ''மாம்பழ ஃபிளேவர் டாக்டர். சார்ஜ் இறங்கினா ருசி மங்கிடும். வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்தினா இனிப்பு தூக்கலா வரும். ரொம்ப ஏத்தினா கருகின நெடி. கருகாத அளவுல வெச்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க.''

அவன் சொன்ன ருசி விவரம் அத்தனையும் உண்மை. கடைசி வரிதான் தப்பு.

வோல்டேஜ் கணக்கை அப்பாவே போட்டார். சுருளின் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.3 வோல்ட் கொடுத்தால் சுமார் 5.4 வாட். 5 வோல்ட் கொடுத்தால் 12.5 வாட். வோல்ட் ஒன்றரை மடங்கு ஏறினால், சுருளில் பாயும் சக்தி இரண்டே கால் மடங்கைத் தாண்டிவிடுகிறது. லேசான பழ வாசனைகள் சின்னச் சூட்டிலேயே கிளம்பிவிடும். கனமான இனிப்பும் வெண்ணெய் மணமும் கூடுதல் சூட்டில் எழும்பும். அதற்கும் மேலே போனால் திரவமே சிதையத் தொடங்கும்.

எனக்கு இது புது விஷயமாகவே படவில்லை. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயின் அளவைத்தான் எங்களுக்குத் திரும்பத் திரும்பப் பாடமாக நடத்தினார்கள். சரக்கு ஒன்றேதான். தீ மாறினால் மருந்தும் மாறும். மெழுகுப் பதத்தில் இறக்க வேண்டிய தைலத்தை அசந்து விட்டால் கருகிப்போகும். நம்ம ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முந்திரிப் பருப்பை நெய்யில் வறுக்கும்போது பொன்னிறத்துக்கும் கருப்புக்கும் நடுவில் எத்தனை விநாடி?

எண்ணெய் காய்ந்து புகையும்போது சுள்ளென்று மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வரவழைக்கிறதே ஒரு நெடி, அதற்கு அக்ரோலின் என்று பெயர். எண்ணெயில் உள்ள கிளிசரின் பகுதி உடைவதால் வருவது. இ-சிகரெட்டில் கிளிசரினே நேரடியாகக் காய்கிறது. கூடவே ஃபார்மால்டிஹைடும் பிறக்கும். பிரேதம் கெடாமல் வைக்கப் பயன்படுத்துகிறார்களே, அந்த ஃபார்மலின் இதன் கரைசல்தான். புற்றுநோய் உண்டாக்கக் கூடியது.

2014-ல் வெளியான ஓர் ஆய்வில், 3.2 வோல்ட்டிலிருந்து 4.8 வோல்ட்டுக்கு ஏற்றியபோது ஃபார்மால்டிஹைடு முதலான நச்சுகள் 4 மடங்கிலிருந்து 200 மடங்குக்கு மேல் வரை கூடின. 2015-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் பொருள்களைக் காணவில்லை. 5 வோல்ட்டில் கண்டார்கள். 'அந்தச் சூட்டில் கருகல் ருசி வரும், யாரும் இழுக்க மாட்டார்கள்' என்று எதிர்வாதமும் எழுந்தது.

''அப்போ 3.3-லேயே வெச்சுக்கிட்டா?'' என்றான் பையன். கெட்டிக்காரன்!

வோல்ட் எண் ஒன்றேயானாலும் சூடு ஒன்றாக இருக்காது தம்பி. பஞ்சு காய்ந்தால் அதே வோல்ட்டில் கம்பி எகிறிவிடும். இனிப்பூட்டி படிந்து சுருள் கருத்தாலும் உருப்படாது. மாம்பழ மணமும் மென்தால் குளிர்ச்சியும், நாக்கும் தொண்டையும் தரும் எச்சரிக்கையை அமுக்கிவிடும். சூடு குறைவாக இருந்தாலும் நிகோடின் உள்ளே போய்ப் பழக்கத்தைப் பிடித்து வைக்கும். பிறகு 'ருசி போதலே' என்று கை தானாக வோல்டேஜை ஏற்றும்.

நொச்சி ஆவிக்கு வருவோம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அதற்கு மேல் ஏறாது. புரொப்பிலீன் கிளைகால் கொதிக்க 188 டிகிரி, கிளிசரினுக்கு 290. வேது பிடிப்பது என்றைக்கோ பத்து நிமிஷம். இதுவோ நாள் முழுக்க! இன்னொன்று, வாயால் சாப்பிடத் தகுந்த வாசனைச் சரக்கெல்லாம் நுரையீரலுக்குத் தகுந்ததல்ல. வெண்ணெய் மணம் தரும் டையசிட்டைலைச் சுவாசித்த அமெரிக்கப் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளிகளின் மூச்சுக்குழல்கள் தழும்பாகிச் சுருங்கியது 2000-ல் தெரியவந்தது. அந்த வெண்ணெயைச் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

'மூலிகை வேப், நிகோடின் இல்லை' என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். சித்தத்தில் 'புகை' ஒரு புறமருந்துதான். அதற்கு நோயும் அளவும் நாளும் உண்டு, பொழுதுபோக்குக்கு அல்ல. சட்டமும் நிகோடின் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இ-சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, கடத்துவது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாவற்றையும் 2019-ம் ஆண்டு மத்திய சட்டம் தடை செய்திருக்கிறது. முதல் முறை விற்றவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பையனுக்கு நான் முதலில் கஷாயம் கொடுக்கவில்லை. மார்பு எக்ஸ்ரே எடுத்து நுரையீரல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். இழுக்கத் தோன்றும் நேரத்தில் மெல்லுவதற்கு நெல்லி வற்றல் கொடுத்தேன். 1800-11-2356 என்ற இலவசப் புகையிலை மீட்பு எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, ஜுரமோ சேர்ந்தால் என்னிடம் வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றும் அப்பாவிடம் சொன்னேன். கருவியை அப்பா வாங்கிக்கொண்டார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று மறுவாரம் போன் வந்தது. இருமல் மட்டும் இன்னும் முழுசாக விடவில்லை.