தட்டின் கீழ் அமிழும் தட்டு

கண்டியையும் சூழவுள்ள மலைகளையும் தாங்கி நிற்பது இந்தியத் தட்டு எனப்படும் பாரிய பாறைத்தளம். அது ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கண்டி அதன் விளிம்புகளுக்கு வெகுதூரத்தில் இருப்பதால் இங்கு பெரும் பூமியதிர்ச்சிகள் அரிது.

சுமாத்திராவை அண்டிய கடலடியிலோ இதே தட்டின் கிழக்கு விளிம்பு, குளிர்ந்து கனத்திருப்பதால், அயல் தட்டின் கீழ் சரிந்து அமிழ்கிறது. அமிழும்போது மேல்தட்டின் விளிம்பையும் பற்றிக் கீழே இழுக்கிறது. நெடுங்காலம் இழுபட்ட விளிம்பு ஒருநாள் விடுபட்டுத் துள்ளி எழும். அதன் மேலுள்ள கடலும் எழும்.

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் காலை 6.58க்கு நடந்தது இதுவே. 9.1 அளவான அந்த அதிர்ச்சி சில நிமிடங்களில் கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலை அதிர்வுமானியை எட்டியது. நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் மெல்ல ஏறியிறங்கியதை அக்கருவி பதிந்தது. கடலலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் மாண்டனர்.

இந்து சமுத்திர எச்சரிக்கை ஏற்பாடு 2011 முதல் இயங்குகிறது. ஆயினும் கரையோர உறவினரிடம் செல்லுமுன் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்கக்கூடாது, உடனே மேட்டுநிலத்திற்கு ஓடவேண்டும்.