கோலார்த் தங்கவயல்

ஓர் ஊர் கைவிடப்படுவது எவ்வாறு? மட்டாஞ்சேரியில் உலவும் நமக்கு அதற்கு ஒரு விடை தெரியும். யூதத் தெருவுக்குச் சென்று பார்த்தால் போதும். 1568இல் எழுந்த தொழுகைக் கூடம் நிற்கிறது. பழைய வீடுகள் நிற்கின்றன. கடைகளில் வாணிகமும் நடக்கிறது. ஆனால் அங்கு வாழ்ந்த யூத மக்கள், 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின், ஏறத்தாழ எல்லோருமே போய்விட்டனர். தொழில் இருக்கிறது; மக்கள் இல்லை.

இதற்கு நேர்மாறாக, மக்கள் இருக்கத் தொழில் மட்டும் விட்டுப்போன ஊர் ஒன்று உண்டு. அதுதான் கருநாடக மாநிலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 மைல் தொலைவில் உள்ள கோலார்த் தங்கவயல். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருபவர்களில் மிகப் பலர் தமிழர். ஆதலால் அவ்வூரின் வரலாற்றை நாம் அயலார் கதையாகப் படிக்க முடியாது.

தங்கவயல் இருக்கும் நிலம் வறண்ட நிலம். பாறைக் குன்றுகள், செம்மண், கேழ்வரகுக் கொல்லைகள், மழை பெய்தால் நிறையும் ஏரிகள், அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கு இல்லை. அப்பக்கமாகச் செல்லும் பாலாறும் மழைக்காலத்து ஆறே.

அந்த மண்ணில் பொன் உண்டு என்பது அவ்வூர் மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். வெள்ளையருக்குத் தெரிந்தது 1802இல். திப்பு வீழ்ந்த பின் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற படை அதிகாரி, மண்ணில் பொன் கிடைப்பதாக ஊரார் பேசிக்கொள்வதைக் கேட்டார். காட்டுவோர்க்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். ஊரார் மண்ணை வண்டியில் ஏற்றி வந்து, அவர் கண்ணெதிரே நீரில் அலசிப் பொன் துகளை எடுத்துக் காட்டினர். வாரன் எழுதிய அறிக்கை அச்சேறியது, பின்பு மறக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, பெங்களூரில் ஓய்வு பெற்று வாழ்ந்த லவெல் என்ற அயர்லாந்துப் படைவீரர் அதைத் தற்செயலாகப் படித்தார். மாட்டு வண்டியிலே அப்பகுதி முழுவதும் சுற்றினார். 1875இல் உரிமம் பெற்றுக் குழி தோண்டினார். கைப்பொருள் கரைந்ததே தவிர, பெரும்பொன் கிட்டவில்லை. உரிமை கைமாறிக் கைமாறி, 1880இல் ஜான் டெய்லர் என்ற இங்கிலாந்து நிறுவனத்தார் பொறுப்பேற்றனர். 1883இல் முதன்மையான பொன் படுகை தென்பட்டது.

அதே ஆண்டுகளில் நமக்கு அருகிலும் ஒரு பொன் வேட்டை நடந்தது. வயநாட்டை அடுத்த தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் தங்கம் மலிந்து கிடக்கிறது என்று சொல்லி லண்டனில் பங்குகளை விற்றனர். பாறையை உடைத்துப் பார்த்தபோது செலவுக்கும் காணவில்லை. சில ஆண்டுகளிலேயே எல்லாம் முடிந்தது. ஆனால் அந்த மண்ணில் தேயிலை வளர்ந்தது, ஊர் பிழைத்துக்கொண்டது. அங்கு மழை மிகுதி, பொன் குறைவு. கோலாரில் பொன் மிகுதி, மழை குறைவு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

வறண்ட நிலத்தில் ஒரு நகரம் எழ வேண்டுமானால் எல்லாவற்றையும் வெளியிலிருந்தே கொண்டுவர வேண்டும். 1894இல் மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. பாலாற்றில் அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியே குடிநீர் வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 92 மைல் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தனர். உலகிலேயே மிக நீண்ட மின்கம்பிப் பாதைகளுள் ஒன்று அக்காலத்தில் அதுதான். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல். தலைநகருக்கு முன்பே சுரங்கத்துக்கு மின்சாரம்! யார் பொருட்டு அரசாங்கம் விரைந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆட்களும் வெளியிலிருந்தே வந்தனர். பாறை வேலையில் தேர்ந்த மேற்பார்வையாளர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தனர். உடல் உழைப்புக்கு வந்தவர்கள் வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் ஏழை மக்கள். அவர்களுள் மிகுதியானோர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சாதியினர், ஊரில் நிலம் இல்லாதவர், பஞ்சத்தால் விரட்டப்பட்டவர். பாலாறு தங்கவயலைத் தாண்டி எந்த வடார்க்காட்டுக்குப் பாய்கிறதோ, அந்த வடார்க்காட்டிலிருந்து மக்கள் ஆற்றுக்கு எதிர்த்திசையில் நடந்து வந்தனர் எனலாம். உச்ச நாளில் தொழிலாளர் தொகை 30,000ஐத் தாண்டியது. கண்காணிப்பாளருக்கு மாளிகையும் பூந்தோட்டமும்; கூலிக்காரனுக்குத் தட்டியால் அடைத்த ஓர் அறை.

சுரங்கம் இறுதியில் 10,000 அடிக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறை தொட்டால் சுடும். கூண்டில் இறங்கிப் போனவன் மேலே வருவான் என்பதற்கு உறுதியில்லை. மேலிருந்து அழுத்தும் பாரத்தால் பாறை திடீரென வெடித்துச் சிதறும். அதில் தப்பினாலும், கல்லைத் துளைக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் படிந்து, மெல்ல மெல்ல மூச்சை அடைக்கும். அதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அங்கு எடுத்த தங்கம் 800 டன்னுக்கும் மேல். ஆங்கிலேயர் காலத்தில் அது கப்பலேறி இங்கிலாந்து போயிற்று. ஒரு காலத்தில் இந்த மலையாளக் கரைக்கு, மிளகு வாங்க வந்த ரோமர் பொன்னைக் கொண்டுவந்து கொட்டினர். கோலார்ப் பொன் போன திசை வேறு.

எனினும், அந்த மக்கள் வெறும் கூலிகளாக மட்டும் வாழ்ந்தனர் என்று எண்ணுவது பெரும்பிழை. அயோத்திதாசப் பண்டிதர் வளர்த்த தமிழ்ப் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பம் ஒரு வலுவான கிளை. பண்டிதர் 1914இல் மறைந்தார். அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் நின்றுபோயிற்று. அதை 1926இல் மீண்டும் வெளிக்கொணர்ந்தவர்கள் தங்கவயல்காரர்களே. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்தார். பகலெல்லாம் பாதாளத்தில் கல் உடைத்தவர்களின் காசில் தமிழ் நூல்கள் அச்சாயின. 1930இல், நிறுவனத்தார் தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிய முற்பட்டபோது, “நாங்கள் குற்றவாளிகளா?” என்று வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்களே. தங்கவயல் என்றால் தங்கத்தை மட்டுமே எழுதும் நூல்கள் இதற்கு இரண்டு வரி ஒதுக்குவதில்லை.

அறிவியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. 1965இல், அச்சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை வைத்து, காற்றுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகளின் தடத்தை டாடா ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானிய, ஆங்கில அறிஞர்களுடன் சேர்ந்து கண்டனர். மேலே கிடந்த அத்தனை பாறையும் மற்றத் துகள்களை வடிகட்டிவிட்டது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை நடுவண் அரசின் கைக்கு வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. இதற்குள் பொன் மெலிந்துவிட்டது. தொடக்கத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, பிற்காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கியது. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கத்தை மூடினர். எஞ்சியிருந்த 3,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் ஒரே நாளில் வேலை இழந்தனர்.

இங்குதான் வறண்ட நிலத்தின் கொடுமை வெளிப்பட்டது. வீடு நிறுவனத்துடையது, குடிநீரும் விளக்கும் மருத்துவமனையும் அதைச் சார்ந்தவை. சுரங்கம் நின்றதும் இவை அனைத்தும் தளர்ந்தன. தேவாலாவில் தேயிலை வந்ததுபோல் இங்கு வந்து நிற்க வேறொரு பயிர் இல்லை. இறைக்கும் பொறிகள் நின்றதால் சுரங்கத்தில் நீர் நிரம்பியது. மேலே குடிக்க நீர் இல்லை. பொன்னைப் பிரிக்க சைனைட் கலந்து அரைத்த கழிவு மண், 3 கோடி டன்னுக்கும் மேல், குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் கூரைகளிலும் அடுக்களைகளிலும் வந்து படிகிறது. படம் பிடிக்க வருவோர்க்கு அது அழகிய பின்புலம். 2018இல் வந்த கன்னடப் படத்தால் ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது. படத்தின் கதை கற்பனை.

மக்கள் ஊரை விட்டுப் போகவில்லை. தாத்தனும் தந்தையும் உழைத்த மண் அது. திரும்பிப் போக வடார்க்காட்டில் அவர்களுக்கு ஒரு காணி இல்லை. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் போகின்றனர். சுரங்கத்துக்குப் பொறிகளையும் ஆட்களையும் கொண்டுவர 1894இல் போட்ட அதே பாதையில், விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறி, இருட்டிய பிறகு வந்து இறங்குகின்றனர்.