லிஃப்ட்டில் நிற்பவருக்கும் வழி விடு

அன்புள்ள செல்விக்கு,

ராஜபாளையம் குட்டி வாங்கியிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அழகான நாய், வேட்டைக்குப் பழகிய இனம். பெசன்ட் நகர் அடுக்குமாடிக்குள் அடைத்து வைத்தால் தாங்காது. காலையும் மாலையும் வெளியே கூட்டிப் போ. அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் உண்டு. மருத்துவரிடம் காட்டிவிடு. கேட்காத நாயைக் கூப்பிட்டு நிறுத்த முடியாது.

முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு. அவனைக் கண்டு யாராவது ஒதுங்கினால், "ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க" என்று சொல்லாதே. அது உனக்குத் தெரியும். லிஃப்ட் மூலையில் ஒட்டி நிற்கும் பாட்டிக்குத் தெரியாது. சின்ன வயதில் கடிபட்டவராகக்கூட இருக்கலாம். அவர் பயத்தை மாற்றுவது உன் வேலை இல்லை. சங்கிலியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு அடுத்த லிஃப்ட்டுக்குக் காத்திரு.

அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி போடும் அறையில் இருந்தவள் நான். பெரியவர்களுக்குக் காலில் கடி என்றால் குழந்தைகளுக்கு முகத்தில், கழுத்தில். நாயின் வாய் அவர்கள் உயரத்தில்தானே இருக்கிறது! கடித்தது வளர்ப்பு நாயானாலும் ஊசி ஊசிதான்: முதல் நாள் போட்டு, பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும் அழுதுகொண்டே வருவார்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி போடு. பிறகு மருத்துவர் சொல்லும் கெடு தவறக்கூடாது. மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடு. விளையாட்டில் யார் மேலாவது பல் பட்டாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி, நீயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. கவனக்குறைவாக நாயை விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நீ இதைச் செய்ய வேண்டும் என்று நான் எழுதவில்லை.

பையில் பழைய செய்தித்தாள் வைத்துக்கொள். அவன் தெருவில் போனதை அள்ள வேண்டியது நீ. விடியற்காலையில் பெருக்க வரும் அம்மா அல்ல.

கடற்கரைக்கும் கூட்டிப் போவாய். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அந்த மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நாய்கள் குழியைத் தோண்டி முட்டைகளைத் தின்றுவிடும். அந்த மாதங்களில் இருட்டிய பிறகு அவனை அங்கே அவிழ்த்து விடாதே.

அன்புடன்,
பெரியம்மா