நிழலைத் துடைத்துவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பேட்டியைப் பார்த்தேன். ஒலி சுத்தமாக இருக்கிறது, ஃப்ரேமும் பிடித்திருந்தது. அந்த நெசவுக்கார அம்மாவின் முகத்தில்தான் குறை. சில்வர் ரிஃப்ளெக்டரைக் கிட்டத்தில் வைத்துக் கீழேயிருந்து அடித்திருக்கிறாய். மூக்கு நிழல் மேலே ஏறிவிட்டது. கண் சுருங்கி நீர் கோத்திருக்கிறது. கண் கூசுகிறவர் மனம் விட்டு எப்படிப் பேசுவார்?

நம் ஊர் உச்சிவெயிலில் கண்குழி இருண்டுபோகும். அந்த இருட்டை எடுக்கத்தான் ரிஃப்ளெக்டர் போர்டு. முகத்துக்குக் கிட்டத்தில் வெள்ளைத் தெர்மாகோலே போதும். அது ஒளியைச் சிதறடித்து மெதுவாகத் தரும். சில்வர் கண்ணாடி மாதிரி அடிக்கும், தூரத்தில் வைக்கத்தான் லாயக்கு. நிழல் விழும் பக்கத்தில், கண் உயரத்தில் பிடித்து, கிட்டே கொண்டுபோயும் பின்னே இழுத்தும் முகத்தைப் பார். வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம் என்றால் ஒளி விகிதம் 2:1; முகம் தட்டையாகத் தெரியும். இரண்டு ஸ்டாப் விட்டால் 4:1. உழைத்த முகத்துக்கு நான் இரண்டுதான் விடுவேன். கன்னத்துச் சுருக்கம் தெரியட்டும். கறுத்த முகம் என்றால் வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அது அந்த முகத்துக்குச் செய்யும் அவமரியாதை. பெரிய வெள்ளைப் பரப்பைப் பக்கவாட்டில் வை. கன்னத்து மினுமினுப்பே வடிவத்தைக் காட்டிவிடும்.

வெள்ளைப் பரப்பு என்ன செய்யும் என்று பார்க்க, 1956இல் வந்த ‘அபராஜிதோ’ படத்தைத் தேடிப் பார். காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அதில் அடித்து, திரும்பி வந்த ஒளியில் படமாக்கினார். திறந்த வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் போலவே இருக்கும். பணம் இல்லையென்று நீ தயங்க வேண்டாம். வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினாலும் வேலை நடக்கும். பக்கத்தில் பச்சைச் சுவரோ சிவப்புத் தரையோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். அந்த நிறமும் முகத்தில் ஏறும்.

இன்னொன்று. போட்டோவில் போர்டு ஒரு நொடி நின்றால் போதும். வீடியோவில் காற்றுக்கு அது ஆடினால் முகத்து வெளிச்சமும் ஆடும், எடிட்டிங்கில் சரிசெய்வது கடினம். ஸ்டாண்டில் மாட்டி மணல் மூட்டை வை. ஆள்தான் பிடிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு டேக் முடிந்ததும் இறக்கி வைக்கச் சொல். போர்டைப் பிடித்து வெயிலில் நிற்கிற பையனுக்கு முதலில் தண்ணீர் கொடு.

அன்புடன்,
அண்ணன்