கருத்தரங்கில் வாசித்ததை சி.வி.யில் எழுதுவது எப்படி?

சேர்வராயன் மலையில் ஆய்வு செய்யத் தலைப்புக்குப் பஞ்சமில்லை. காப்பித் தோட்டத்து நிழல் மரங்கள், மலையாளிப் பழங்குடி மக்களின் மூலிகை அறிவு, பாக்சைட் படிவு, சார்னோகைட் பாறை, ஆர்க்கிட் செடிகள் என்று கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்ததெல்லாம் சி.வி.யில் ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது: 'பல சர்வதேசக் கருத்தரங்குகளில் பங்கேற்றுள்ளேன்.' பேசப் போனாரா, பையும் சான்றிதழும் வாங்கப் போனாரா என்று தேர்வுக் குழுவுக்கு எப்படித் தெரியும்?

ஒரு போஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் பெயர்கள் சுருக்கத் தொகுப்பில் அச்சான அதே வரிசையில் வரட்டும்; உங்கள் பெயர் மட்டும் தடித்த எழுத்தில். கைடு பெயர் அங்கே முதலில் இருந்தால் இங்கும் முதலில்தான். அடுத்து தலைப்பு, அதையொட்டி 'போஸ்டர்' என்ற குறிப்பு, கருத்தரங்கின் முழுப்பெயர், நடத்திய துறை, ஊர், தேதி. இணையவழி நடந்ததென்றால் அப்படியே எழுதுங்கள். மேடையில் வாசித்த கட்டுரையில், பேசியது உடன் ஆசிரியர் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். மறைத்தால், 'அன்று என்ன கேள்வி வந்தது?' என்று நேர்காணலில் கேட்டால் விழிக்க நேரும். வெறுமனே கேட்கப் போன கூட்டங்களை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

மதிப்பெண் கணக்கும் தெரிந்திருக்கட்டும். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்கு அழைக்கும் கட்டத்தில் கருத்தரங்குக்குத் தனி மதிப்பெண் கிடையாது. வெளியான ஆய்வுக் கட்டுரைக்குத்தான் தலா 2, அதிகபட்சம் 10. அதே விதிமுறையின் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் மட்டும் கருத்தரங்குக்கு இடம் உண்டு: வெளிநாட்டில் நடந்த சர்வதேசக் கருத்தரங்குக்கு 7, உள்நாட்டில் நடந்ததற்கு 5, தேசிய அளவில் 3, மாநில அல்லது பல்கலைக்கழக அளவில் 2. வாசித்த கட்டுரையே தொகுப்பு நூலில் முழுதாக அச்சானாலும் ஒரு முறைதான் எண்ணுவார்கள். அதை இரண்டு தலைப்பின்கீழ் போட்டுக் கணக்கை ஊத வைத்தால் சரிபார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். நேர்காணல் அழைப்புக்கு எண்ணப்படுவது வெளியீடுகள்தான் என்பதால் அவை மேலே, வாசித்தவை கீழே.

பலர் விட்டுவிடுவது களப்பணியை. ஏற்காட்டில் சேகரித்த மாதிரியைக் கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் ஒப்படைத்திருந்தால், அதன் பதிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியோடு வேலை செய்திருந்தால் அதற்கும் ஒரு வரி. என்னைக் கேட்டால், ஐந்து சான்றிதழைவிட இந்த இரண்டு வரிக்கு எடை அதிகம்.

வெளியீடுகளைப் பற்றி ஒன்று: தரமான ஆய்விதழ்களுக்கான யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. புதிய கட்டுரைக்கு அந்த முத்திரையைத் தேடாமல் ஐ.எஸ்.எஸ்.என்., டி.ஓ.ஐ. எண்களைக் கொடுங்கள். இதழுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் கட்டுரையை 'பரிசீலனையில்' என்று தனியே வையுங்கள்.

கடைசியாக முன்னெழுத்து. ஒரு கட்டுரையில் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் இணையத் தேடலில் நீங்கள் மூன்று ஆளாகிவிடுவீர்கள். ஒரே வடிவத்தை முடிவு செய்து ஆய்வாளர் அடையாள எண்ணான ஆர்சிட் (ORCID) எண் வாங்கி, அதை சி.வி.யின் முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே போடுங்கள்.