மோட்டார் ஏன் இப்படி அதிருது? வார்ப்பதற்கு முன்பே கிளவுடில் பார்த்துவிடலாம்!

கிணற்று மோட்டார், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப், மாவு மில் என மோட்டார் ஓடுகிற இடமெல்லாம் கொஞ்சம் அதிர்வு இருக்கத்தான் செய்யும். அது கூடிப்போனால்தான் பிரச்சினை. போல்ட் தளரும், பேரிங் போகும், பேஸ் ஃபிரேமில் விரிசல் விழும். வாங்கியவருக்கு ரிப்பேர் செலவு. தயாரித்த சின்னப் பட்டறைக்கோ ஆர்டரே திரும்பி வரும்.

1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் மின்மோட்டார் உருவாக்கிய கோவையில், இன்று மோட்டார், பம்ப் செய்யும் சிறு நிறுவனங்கள் ஏராளம். 'செய்து பார், அதிர்ந்தால் திருத்து, மறுபடி வார்' என்ற பழைய வழியில் பணமும் நாளும் கரையும். கிளவுட் சிமுலேஷன் அதைக் குறைக்கும்.

ஊஞ்சல் கணக்கு

ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால், லேசாகத் தள்ளினாலே உயரப் போகும். இதுதான் ஒத்ததிர்வு. மோட்டாருக்கும் அதன் பேஸுக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. அதன் பெயர் இயல்பு அதிர்வெண்.

நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 4 போல் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று, அதாவது நொடிக்கு 24 சுற்று சுற்றும். ரோட்டாரில் எடை சமமாக இல்லாவிட்டால் நொடிக்கு 24 முறை தள்ளு விழும். காந்த விசையும் நொடிக்கு 100 முறை இழுக்கும். இயல்பு அதிர்வெண் இந்த எண்களுக்குப் பக்கத்தில் இருந்தால் அதிர்வு பல மடங்காகும்.

எப்படிச் செய்வது?

1. மோட்டார், பேஸின் 3டி டிசைனை பிரவுசர் வழியாக அப்லோடு செய்யுங்க.
2. வார்ப்பிரும்பா, அலுமினியமா என்று பொருளைக் குறிப்பிடுங்க.
3. எந்த போல்ட் துளைகளில் இறுக்கியிருக்கிறது என்று சொல்லுங்க. கவனம்: நிஜத்தில் மெல்லிய தகட்டு ஃபிரேம், கணினியில் அசையாத தரை என்று கொடுத்தால் விடை தவறாகவே வரும்.
4. மென்பொருள் டிசைனைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும். இதுதான் மெஷ்.
5. முதலில் மோடல் அனாலிசிஸ். இயல்பு அதிர்வெண்கள் தெரியும். அடுத்து ஹார்மோனிக் அனாலிசிஸ். எந்த வேகத்தில், எந்த இடம், எவ்வளவு ஆடும் என்று தெரியும்.

கனமான கணக்கெல்லாம் தொலைவில் உள்ள சர்வரில் நடக்கும். நம்மிடம் சாதாரண லேப்டாப் இருந்தால் போதும்.

ஓர் உதாரணம்

ஒரு பேஸின் இயல்பு அதிர்வெண் 26 ஹெர்ட்ஸ் என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். 24-க்கு ரொம்பப் பக்கம். பொதுவாக 20 சதவீத இடைவெளியாவது விடுவார்கள். எடையைக் கூட்டாமல் விறைப்பை இரட்டிப்பாக்கினால் அதிர்வெண் இரட்டிப்பாகாது, சுமார் 1.4 மடங்குதான் ஏறும். அதாவது 37 ஹெர்ட்ஸ். இரண்டு ரிப் சேர்த்தால் போதுமா, எங்கே சேர்ப்பது என்பதைத் திரையிலேயே மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

வி.எஃப்.டி பொருத்திய மோட்டாரில் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு வேகத்துக்கு மட்டுமில்லாமல், ஓடும் எல்லா வேகத்துக்கும் சோதிக்க வேண்டும்.

இதையும் கவனிங்க

* சில கிளவுட் தளங்களின் இலவசக் கணக்கில் ஏற்றும் டிசைனை எல்லோரும் பார்க்க முடியும். விதிமுறையைப் படித்துவிட்டு ஏற்றுங்க.
* சிமுலேஷன் ஒரு கணிப்புதான். முதல் மோட்டாரை ஓட்டி, அளந்து சரிபார்ப்பது கட்டாயம். கோவையில் உள்ள சிடார்க் மையத்தில் பம்ப், மோட்டார் சோதனை வசதி இருக்கிறது.
* டிசைன், சிமுலேஷன் உதவிக்குச் சென்னை டைடல் பூங்காவில் உள்ள டான்கேம் மையத்தை அணுகலாம். டசோ சிஸ்டம்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டிட்கோ 2022-ல் தொடங்கிய மையம் இது.

உங்க போனிலேயே ஒரு சோதனை

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைபாக்ஸ்' இலவச செயலியில் முடுக்க நிறமாலை என்ற வசதி உண்டு. மோட்டார் ஓடும்போது, அருகில் உள்ள உலர்ந்த மேடையில் போனை வையுங்க. 24 ஹெர்ட்ஸ் பக்கம் கூர்மையான முகடு தெரிந்தால் அது சுழற்சியால் வரும் அதிர்வு. நாளுக்கு நாள் அந்த முகடு உயர்ந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. மோட்டார் மேலேயே போனை வைக்காதீங்க, கேமரா பழுதாகலாம். சுழலும் பாகம், ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது.